சாமை என்று எழுதப்பட்ட மரங்கள்

கார்பன் நிறுவனத்திலிருந்து வந்த பெண் முதல் மரத்தைச் சுற்றி நாடாவை இழுத்துப் பிடித்தபோது, பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“ஏனுங்க சார், மரத்துக்கு ரவிக்கை தெக்கப் போறாங்களா?”

நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுப்பது முறை என்றேன்.

“யாரு நெஞ்சுங்க? இந்தக் கண்ணு நெஞ்சா, என் நெஞ்சா? அது என்னையவிட ஒரு முழம் ஒசரமிருக்குது.”

நியாயமான கேள்வி. அந்தப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, யார் நெஞ்சும் இல்லை, தரையிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கு இருக்கிறது என்றார். மரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். அப்படி நூற்றுப்பதினெட்டுக் கோடுகள் போட வேண்டியிருந்தது. எல்லாம் சில்வர் ஓக். வேலியோரத்து வரிசையைத் தவிர மற்ற எல்லா மரத்திலும் மிளகுக் கொடி ஏறியிருந்தது.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். சமவெளிக்காரன். கீழே இருந்தால் அந்த வெயிலில் பென்ஷனே உருகிவிடும் என்று மனைவி சொன்னதால், கடைசியாக வேலை பார்த்த இந்த மலையிலேயே ஒரு வாடகை வீட்டில் தங்கிவிட்டோம். அந்த அம்மா எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இறந்து பன்னிரண்டு வருடம். மிளகு, இங்கே குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி கொஞ்சம், ஒரே மகன்.

மகன் வேறொருவருடைய பிக்கப் வண்டியை அடிவாரத்துக் காரவள்ளிக்கும் மலைக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தான். சொந்த வண்டி வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கார்த்திகையில் கீழேயிருந்து ஒரு மர வியாபாரியை அழைத்து வந்து தோட்டத்தைக் காட்டினான். வியாபாரி நூற்றுப்பதினெட்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகவும், மிளகு பறித்து முடிந்ததும் பங்குனியில் லாரியோடு வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். மலைப் பகுதியில் சொந்த மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். அந்தக் காகிதங்களையும் அவரே பார்த்துக்கொள்வார். மரம் போனால் கொடி போகும். கொடி போனால் அந்த அம்மாவிடம் மிஞ்சுவது குச்சிக்கிழங்கும் மகனுடைய வண்டியும்தான். அந்தச் சமயத்தில்தான் கார்பன் திட்டத்தைப் பற்றிய பேச்சு ஊருக்குள் வந்தது. மரம் நிற்பதற்கே பணம் வருமென்றால் மரத்தைத் தொடமாட்டேன் என்று மகன் சொல்லிவிட்டான். ஆகவே அந்த மார்கழிக் காலையில் நாடாவின் பின்னாலேயே அந்த அம்மா நடந்துகொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது.

அந்த நிறுவனம் எதை வாங்க வந்திருக்கிறது என்று விளக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அரசு வேலையில் இருந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை மலையில் உண்டு. நான் அதை மறுத்ததில்லை.

“மரத்தை வாங்குறாங்களா?”

“இல்லீங்க.”

“மிளகுல பங்கு கேப்பாங்களா?”

“அதுவும் இல்லை.”

“அப்பறம் என்னத்தைத்தான் வாங்குறாங்க?”

“மரம் நிக்குதுங்கற பேச்சை.”

“பேச்சையா?”

“எழுத்து மூலமா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு மேல் சொல்ல நானும் கொஞ்சம் தடுமாறினேன். வாழ்நாள் முழுவதும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று வழங்கியவன் நான். சான்றிதழ் என்பது விற்கக்கூடிய சரக்கு என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. உடன் வேலை பார்த்த சிலருக்குத் தோன்றியிருந்தது.

அன்று மாலை ஓர் உதாரணம் கிடைத்தது. நான் இளநிலை உதவியாளராக இருந்த காலத்தில், மழைக்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் காவலாளியோடு இன்னோர் ஆள் அலுவலகத்தில் தொலைபேசி அருகே இருக்க வேண்டும் என்று உத்தரவு வரும். ஆளுக்கு இரண்டு ஞாயிறு என்று சமமாகப் பிரித்துப் பட்டியல் போடுவார்கள். அலுவலகத்துக்கு எதிர்ச்சந்தில் குடியிருந்தவருக்கு அது ஒரு வேலையே இல்லை; சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கோ வாரத்தில் கிடைக்கும் ஒரே நாளும் போனது. அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள். எதிர்ச்சந்துக்காரர் நாலு பேருடைய ஞாயிறுகளையும் தானே பார்த்தார். அவர் எழுத வேண்டிய பதிவேடுகளை அந்த நாலு பேர் எழுதினார்கள். மேலதிகாரிக்கு வேண்டியது தொலைபேசி அருகே ஓர் ஆள். அது கிடைத்தது. யாருக்கு எது சுலபமோ அதை அவர் செய்ததால் எல்லோருடைய கஷ்டமும் குறைந்தது.

கார்பன் வணிகத்தின் அடிப்படை இதற்கு மேல் ஒன்றுமில்லை. இவ்வளவு கரியமில வாயுதான் வெளியே விடலாம் என்று ஆலைகளுக்கு அரசு ஒரு வரம்பு வைக்கிறது. ஓர் ஆலைக்குப் பழைய கொதிகலனை மாற்றினாலே போதும், வரம்புக்குக் கீழே வந்து மிச்சமும் விழும். இன்னோர் ஆலையை இடித்துக் கட்டினால்தான் ஆகும். இரண்டையும் ஒரே அளவுக்குக் குறைக்கச் சொன்னால் வீண் செலவு. அதற்குப் பதில், சுலபமாகக் குறைக்கக்கூடியவர் கூடுதலாகக் குறைத்து, அந்த மிச்சத்தைச் சான்றிதழாக மற்றவருக்கு விற்கலாம். எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று வானம் கேட்பதில்லை. மொத்தம் எவ்வளவு என்பதுதான் அதற்குக் கணக்கு. அரசு வரம்பை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் இறக்கிக்கொண்டே வந்தால் சான்றிதழின் விலை ஏறும். ஒரு கட்டத்தில், வாங்கிக்கொண்டே இருப்பதைவிடக் குறைத்துவிடுவது மலிவு என்று இரண்டாவது ஆலையும் முடிவுக்கு வரும். அறிவுரையால் நடக்காதது விலையால் நடக்கும் என்பது கணக்கு. முப்பத்தைந்து வருடம் அறிவுரைச் சுற்றறிக்கைகளை அனுப்பி, யாரும் அவற்றைப் படிக்காததைப் பார்த்தவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் எங்கள் அலுவலகத்திலேயே அடுத்த மழைக்காலத்தில் வந்தது. காவலாளி அலுவலக வளாகத்திலேயே குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் மூன்று எழுத்தர்களிடம் பேசி முடித்துக்கொண்டார். அவர் எப்படியும் அங்கேதான் இருப்பார். தான் வழக்கமாக இருப்பதையே ஒரு புதிய உழைப்பாக விற்றுவிட்டார். பதிவேட்டில் இரண்டு பேர், அறையில் ஒருவர்.

மரத்தை வைத்துச் சான்றிதழ் விற்பதிலும் இதுதான் முக்கியமான கேள்வி. இந்தப் பணம் வராமல் போனாலும் இந்த மரம் நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்றால் விற்கப்படுவது காவலாளியின் ஞாயிறு. அதை வாங்கி வைத்துக்கொண்டு எங்கோ ஓர் ஆலை தன் புகையை விடும். வானத்தில் ஒன்றும் குறைந்திருக்காது. ஆகவே நல்ல நிறுவனங்கள் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே விதிகளை எழுதியிருக்கின்றன. இதை நான் விளக்கியபோது அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் அந்தப் பெண் மீதி மரங்களை அளக்க வந்தபோது நேராக அவரிடமே போனார்.

“கண்ணு, எங்க சாமி காடு ஒண்ணு இருக்குது. இதைவிடப் பெரிய பெரிய மரம். ஒரு குச்சி ஒடிக்க மாட்டோம். அதுக்கு எவ்வளவு வரும்?”

“அதுக்கு ஒண்ணும் வராதுங்கம்மா.”

“ஏங் கண்ணு?”

“நீங்கதான் ஒடிக்கவே மாட்டீங்களே.”

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். இதை நீங்கள்தானே விளக்கினீர்கள் என்பது போன்ற பார்வை. நான் மிளகுக் கொடியை ஆராய்ந்தேன்.

அந்தப் பெண் அளந்து முடித்துவிட்டு, படிவத்தை என்னிடம் கொடுத்து, நிலத்தின் பழைய ஆவணத்தையும் சேர்த்துத் தயாராக வையுங்கள், தை பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தேன். பதினான்கு பக்கம். நல்ல படிவம். முப்பது வருடம் மரம் நிற்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளப்பார்கள். காற்றில் சாய்ந்தாலோ தீப்பிடித்தாலோ ஈடுகட்ட, சான்றிதழ்களில் ஒரு பங்கை விற்காமல் ஒதுக்கி வைப்பார்கள். எங்கள் துறையில் இந்த அளவுக்கு யோசித்து எழுதிய படிவத்தை நான் பார்த்ததில்லை. பதினோராம் பக்கத்தில் இடித்தது. பத்து வருடத்துக்கு முன் அந்த நிலம் மரமில்லாத நிலமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் நட்ட மரங்களுக்கு மட்டுமே பணம்.

அந்த மரங்கள் இருபது வருடத்துக்கு மேற்பட்டவை. எனக்கே தெரியும். முதல்முறை இந்த மலைக்கு வருவாய் ஆய்வாளராக வந்தபோதே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவை இளமரங்களாக நிற்பது ரோட்டிலிருந்து தெரியும். கதை முடிந்தது என்று படிவத்தை மூடப் போனேன். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? பத்து வருடத்துக்கு முந்தைய நிலவரத்துக்கு என்ன ஆதாரம் என்று புரட்டினேன். வருவாய்த் துறையின் அடங்கல் நகல் என்று போட்டிருந்தது. எந்தப் புல எண்ணில் எந்த வருடம் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் பதிவேடுதான் அடங்கல். அது எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். போய் விண்ணப்பம் கொடுத்து நகல் வாங்கினேன்.

பயிர்: சாமை. அதற்கு முந்தைய வருடமும் சாமை. அதற்கும் முந்தைய வருடம் சாமை. தணிக்கை செய்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

இது எப்படி நடந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவே சொல்லிவிடுகிறேன். அப்போது வண்டிப் பாதை கிடையாது; அந்த நிலம் ரோட்டிலிருந்து இறங்கி ஏறி ஒரு மணி நேர நடை. அடங்கல் எழுதுகிறவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போன வருடத்துப் புத்தகத்தைப் பார்த்து இந்த வருடத்துப் புத்தகத்தை எழுதுவார். நான் அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே டீயைக் குடித்து, ஸ்தலத்தில் தணிக்கை செய்ததாகக் கையெழுத்துப் போடுவேன். சோம்பேறித்தனம் என்று சொல்வது சுலபம். உண்மையில் அதிலும் ஒரு பொருளாதாரம் இருந்தது. சாமையை அடித்து மரம் என்று எழுதினால், ஏன் மாறியது, எப்போது மாறியது, யார் பார்த்தது என்று மூன்று குறிப்புகள் எழுத வேண்டும். மேலிருந்து விளக்கம் கேட்பார்கள். சாமையைச் சாமையாகவே விட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மாற்றத்துக்கு விலை இருந்தது, பொய்க்கு இல்லை. எனவே நிலத்துக்காரர் சாமையை விட்டு, மரம் வைத்து, மரத்தில் மிளகு ஏற்றி, மிளகு விற்று, இறந்தும் போன பிறகும் அங்கே நாங்கள் சாமை விளைவித்துக்கொண்டிருந்தோம்.

தை மாதம் அந்தப் பெண் மறுபடி வந்தபோது நகலைக் கொடுத்தேன். படித்ததும் அவர் முகம் தெளிந்தது.

“பேப்பர் கரெக்டா இருக்கு சார். பத்து வருஷம் முன்னாடி சாமைன்னா, மரம் அதுக்கப்பறம் வெச்சதுதான்.”

“மரத்தைப் பார்த்தாத் தெரியலையாம்மா?”

அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். “தெரியுது சார். நான் வனவியல் படிச்சவ. ஆனா எனக்குத் தெரியறதை எழுதறதுக்குப் படிவத்துல எடம் இல்லை. ஆவணம் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதணும்.”

என் துறையின் குரலையே கேட்டது போல இருந்தது. சாட்டிலைட் படம் எடுக்கிறார்களே, அதில் தெரியாதா என்றேன்.

“அந்த வருஷப் படத்துல இந்தப் பக்கம் முழுக்க மேகம் சார்.” நகலை மடித்துக்கொண்டே சொன்னார்: “இந்த மரத்தையெல்லாம் பங்குனியில வெட்டிருவாங்கன்னு எனக்கும் தெரியும். தடுக்கறதுக்கு எங்கிட்ட இருக்கிற ஒரே வழி இந்தப் பேப்பர்தான். அம்மா ஒரு உறுதிமொழி கொடுக்கணும், மரத்தை எந்த வருஷம் யார் நட்டதுன்னு. விவரம் தெரிஞ்சவங்க ஒருத்தர் சாட்சி போடணும். அடங்கல்ல கையெழுத்துப் போட்டவரே பக்கத்துல இருக்கீங்க.”

அவர் போன பிறகு நான் இரண்டு நாள் யோசித்தேன். வேடிக்கை என்னவென்றால், எல்லா விதிகளுக்கும் பின்னால் இருந்த அந்த ஒரு கேள்விக்கு இந்த அம்மாவிடம் நேர்மையான பதில் இருந்தது. பணம் வராவிட்டால் மரம் நிற்குமா? நிற்காது. லாரிக்கு மாதமே குறித்தாகிவிட்டது. இந்தச் சுற்று வட்டாரத்தில் இதைவிட உண்மையான பதிலை யாரும் கொடுக்க முடியாது. ஆனால் மனிதர்களின் எண்ணத்தை அளக்க நாடா கிடையாது. யாரைக் கேட்டாலும் வெட்டிவிடுவேன் என்றுதான் சொல்வார்கள். அதனால் எண்ணத்தைக் கேட்காமல் தேதியைக் கேட்கிறார்கள். தேதிக்குத்தான் ஆவணம் இருக்கிறது. நாளைய உண்மையை நிரூபிக்க நேற்றைப் பற்றி ஒரு பொய் தேவைப்பட்டது. அந்தப் பொய்யையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே நான் சொல்லி, முத்திரையும் குத்தி வைத்திருந்தேன்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். பார்க்காத ஒன்றுக்கு எப்படிச் சாட்சி போடுவது என்று.

“முப்பத்தஞ்சு வருசம் பார்க்காமலேதான் போட்டீங்க,” என்றார். “அப்பெல்லாம் கை நடுங்கல. இப்ப ஒரு பொம்பளைக்கு நல்லது நடக்கப் போகுதுன்னதும் நியாயம் பொங்குதோ?” ரசத்தை ஊற்றினார். “போடறதுன்னா போடுங்க, போடலைன்னா போடாதீங்க. ஆனா நேர்மைன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க.”

அன்று பிற்பகலே உறுதிமொழியை எழுதினேன். மறைப்பதற்கில்லை, நன்றாக எழுதினேன். ‘மேற்படி புலத்தில் சாமை சாகுபடியைக் கைவிட்டு, என் கணவர் காலமான பிறகு, மேற்படி மரக்கன்றுகளை நானே என் சொந்த உழைப்பில் நட்டு வளர்த்து வருகிறேன்’ என்று ஒரே வாக்கியம். யாராலும் பிடித்து இழுக்க முடியாத வாக்கியம்.

அதை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனேன். அவர் களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். மகன் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே வாசித்தேன். ‘காலமான பிறகு’ என்ற இடத்தில் அவர் கை நின்றது.

“நில்லுங்க சார். மறுக்காப் படிங்க.”

படித்தேன்.

“நானா நட்டேன்?”

“பேப்பருக்காகத்தாங்க. பத்து வருசத்துக்குள்ள நட்டதா இருந்தாத்தான் பணம் வரும்.”

“எங்கூட்டுக்காரரு செத்தே பன்னெண்டு வருசமாச்சுங்களே.”

“அதனாலதான் நீங்க நட்டதா எழுதியிருக்குது.”

அவர் எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. எனக்குப் புரியவைக்க முயன்றார்.

“பொய் சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் பயமில்லைங்க சார். பேளுக்குறிச்சி சந்தையில ஈர மிளகைக் காஞ்ச மிளகுன்னு கையடிச்சு வித்தவதான் நானு. ஆனா இது அந்த மனுசன் செஞ்ச வேலைங்க. கன்னுக் கூடையை பஸ்ல ஏத்தமாட்டேன்னு கண்டக்டர் எறக்கி உட்டுட்டான். காரவள்ளியில இருந்து தலையில வெச்சு நடந்தே வந்தாரு. ஒரு நடையா, மூணு நடை. சாமையை வெச்சாவது கஞ்சி குடிக்கலாம், மரத்தை வெச்சு என்ன பண்றதுன்னு நான்தான் மூணு மாசம் பேசாம இருந்தேன். ஒரு கன்னுக்குத் தண்ணி ஊத்தல.” மரங்களின் பக்கம் கையைக் காட்டினார். “அதை இன்னைக்கு நான் நட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு எந்த மூஞ்சியோட அந்த மரத்துல ஏணி சாத்துவேன்?”

வண்டிக்கு அடியிலிருந்து மகன் தலையை நீட்டினான். “அம்மா, கையெழுத்துப் போடலைன்னா பங்குனியில லாரி வந்துரும். அப்பறம் ஏணி சாத்த மரமே இருக்காது. யோசிச்சுக்க.”

“யோசிச்சுத்தான்டா சொல்றேன். நீ நட்டைப் பார்த்து முறுக்கு.”

நான் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல, “நீங்க நல்லாத்தாங்க எழுதியிருக்கறீங்க” என்றார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தபோது உள்ளதைச் சொன்னோம். அடங்கல் தப்பு, தப்பு என்னுடையது, மரம் இருபது வருடத்துக்கு மேற்பட்டது. அவர் படிவத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிழங்குக் காட்டில் அரை ஏக்கர் வெறுமையாகக் கிடக்கிறதே, அதில் புதிதாக நட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். முதல் பணம் வர ஐந்து வருடமாகும்.

மகன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். “ஏனுங்க மேடம், நிக்கற மரத்துக்குக் காசில்லை. இல்லாத மரத்துக்குக் காசு. செரி, இதையெல்லாம் வெட்டிப்போட்டு அங்கியே மறுபடியும் நட்டா?”

“வெட்டின நெலத்துக்குப் பத்து வருசம் தரமாட்டோங்க.”

“அதையும் யோசிச்சு வெச்சிருக்கறீங்களா?” உண்மையான மரியாதையோடுதான் கேட்டான். “எங்களை மாதிரி ஆளு யாரோ உள்ள உக்காந்துதான் எழுதியிருக்கோணும்.”

விதியைக் குறை சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால், சான்றிதழ் விற்பதற்காகவே பாதி மலையை மொட்டையடித்துவிட்டு நட ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு கெட்டிக்காரனை மனதில் வைத்து எழுதப்படுகிறது. அது வந்து இடிப்பது அவனை அல்ல. இதை நான் என் துறையிலும் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு தாயும் மகனும் மாசி முழுக்க மிளகு பறித்தார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் மகன் மேலே, அவர் கீழே. பேசியது பாதி, திட்டியது பாதி. சில நாள் நான் வேலியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவர் சொன்னது காதில் விழுந்தது.

“வேலியோரத்து வரிசையில கொடி ஏறல. அதை எடுத்துக்க. நாப்பத்தொண்ணு இருக்குது. மத்தது எதையும் தொடக்கூடாது.”

“அதுல பழைய வண்டிதான் வரும்.”

“நீ ஓட்டற ஓட்டத்துக்குப் பழைய வண்டி போதும்.”

 மேலேயிருந்து மிளகுச் சரம் மட்டும் கூடையில் விழுந்துகொண்டிருந்தது. ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம்.

பங்குனியில் வியாபாரி வந்தார். மொத்தமும் என்று பேசியதை நாற்பத்தொன்றாகக் குறைத்ததில் அவருக்கு வருத்தம். மரத்தை அளக்கும்போது அளவு குறையட்டும் என்று நாடாவை ஒட்ட இழுத்தார். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா என்னை அழைத்திருந்ததால், நாடாவின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் ரம்பச் சத்தம். அந்த அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. களத்தில் உட்கார்ந்து மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் லாரி இறங்கிப் போன பிறகு வந்து, அடிக்கட்டைகளின் ஓரமாகவே ஒரு முறை நடந்து பார்த்தார். கடைசிக் கட்டை அருகே நின்று, “வெளிச்சம் ஜாஸ்தியா உழுகுது, இந்தப் பக்கத்துக் கொடி காஞ்சு போகாமப் பார்க்கோணும்” என்றார். 

நான் செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருந்தது. அடங்கலைத் திருத்தக் கோரி மனு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். இப்போதைய கிராம நிர்வாக அலுவலர் சின்ன வயதுக்காரர், என் பணிக்காலத்தை மதிக்கிறவர். “இதனால யாருக்கு சார் பிரயோஜனம்?” என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். இதைத் திருத்தினால் இனி எந்தக் கார்பன் நிறுவனமும் இந்த மரங்களைப் புதியது என்று எடுத்துக்கொள்ளாது. உள்ள பிரயோஜனமும் போகும். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் சித்திரையில் ஒரு நாள் நிலத்துக்கே நேரில் வந்தார். என் பணிக்காலம் முழுவதிலும் நான் செய்யாதது.

மரம் மரமாக எண்ணி எழுதி, வாசித்துக் காட்டினார். சில்வர் ஓக், எழுபத்தேழு. ஊடுபயிர், மிளகு.

“நூத்திப்பதினெட்டுன்னு எழுதுங்க கண்ணு,” என்றார் அந்த அம்மா. “அவரு வெச்சது அத்தனைங்க.”

“இப்ப இருக்கறதைத்தானுங்கம்மா எழுத முடியும்.”

“இத்தனை வருசம் இல்லாததைத்தான எழுதுனீங்க?”

அலுவலர் என் பக்கம் திரும்பினார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த நாற்பத்தொரு மரங்களும் நின்ற காலம் முழுவதும் சாமையாக இருந்தன. விழுந்த பிறகு எழுதுவதற்கு அவை இல்லை. அடங்கலின்படி பார்த்தால் அந்த நிலத்தில் ஒரு மரமும் குறையவில்லை. ஒரே வருடத்தில் எழுபத்தேழு கூடியிருக்கிறது. இப்படி ஒரு முன்னேற்றத்தைக் காட்டுகிற கணக்கு அந்த அலமாரியில் வேறு இருக்காது.

சாட்சியாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று அலுவலர் பேனாவை நீட்டினார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போனேன். கொடிகளை விலக்கி விலக்கி எண்ண அரை மணி நேரம் பிடித்தது. எழுபத்தேழுதான். வந்து போட்டேன்.